நிழல் பக்கம்

லூபஸ் என்று டாக்டர் சொன்னபோது உலகம்மைக்கு அந்தப் பேரே புதிதாக இருந்தது. இரண்டு கன்னத்திலும் சிவந்து தடித்திருந்ததை அவள் பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்திருந்தாள். விரல் மூட்டு வலிக்கு, நாள் முழுக்க டைப் அடிப்பதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தென்காசி பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கையால்தான் அச்சுக்குப் போகும்.

மாத்திரையால் நோயைக் கட்டுக்குள் வைத்துவிடலாம், ஆனால் மேலே வெயில் படக்கூடாது என்றார் திருநெல்வேலி டாக்டர். மாதம் ஒரு முறை வந்து காட்டவும் சொன்னார்.

"வெயில் படாம திருநேலிக்கு எப்படி வாரது?" என்று திரும்பி வரும்போது புருஷனிடம் கேட்டாள்.

ரவி செங்கோட்டையில் ஒரு மர டிப்போவில் தடி அளந்து கணக்கு வைப்பவன். எதற்கும் சட்டென்று பதில் சொல்லமாட்டான். ஆலங்குளம் தாண்டியதும் சொன்னான். "வெயில் அடிக்காத பக்கமாப் பாத்து உக்காரு."

அப்போது ஆனி மாதம். காலை ஒன்பது மணி பஸ்ஸில் இடதுபக்கம் வெயில் விழுந்தது. அதனால் அடுத்தடுத்த மாதங்களில் டிரைவர் பக்கம், வலது ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள். புரட்டாசி வரை பிரச்சினை இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் மழை மூட்டத்தில் போயின. மார்கழியில் அதே பஸ்ஸில் அதே சீட்டில் உட்கார்ந்தவளுக்கு, பாதி வழி போகுமுன்பே முகத்தில் வெயில் அறைந்தது. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு கண்டக்டரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்த பஸ்ஸு வேற ரோட்டுல போவுதா?"

"எப்பவும் போற ரோடுதாங்க்கா."

"நேரம் மாத்திட்டாங்களா?"

"இல்லையே. ஏன் கேக்குதிய?"

"ஆனியில இந்தப் பக்கம் நெழலா இருந்துச்சு. இப்ப வெயில் வருதே."

கண்டக்டர் ஜன்னல் வழியாகக் குனிந்து சூரியனைப் பார்த்தார். "நான் கவனிச்சதில்லக்கா" என்று சொல்லிவிட்டு டிக்கெட் போடப் போய்விட்டார்.

அன்று டாக்டர் என்ன சொன்னார் என்பது அவளுக்குச் சரியாக நினைவில்லை. பஸ் மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உத்தராயணம், தட்சிணாயனம் என்று எத்தனையோ நோட்டீஸில் எழுத்துப் பிழை இல்லாமல் அடித்திருக்கிறாள். அந்த வார்த்தைகளுக்கும் தன் கன்னத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று அதுவரை தோன்றியதில்லை. சூரியன் வடக்கே போவதும் தெற்கே வருவதும் அந்த ஜன்னலில் வைத்துத்தான் அவளுக்கு விளங்கியது.

மறுநாள் கடையில் கூட்டம் ஓய்ந்ததும் கம்ப்யூட்டரில் தேடினாள். எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்த நேரத்தில் சூரியன் எந்தத் திசையில் நிற்கும் என்று காட்டும் தளங்கள் நிறைய இருந்தன. இன்னொரு பக்கம் ரோட்டு வரைபடத்தை விரித்துவைத்தாள். தென்காசி ரோடு திருநெல்வேலிக்கு நேர் கிழக்கே போகவில்லை, தெற்கே சாய்ந்து போகிறது. ஆனியில் காலைச் சூரியன் அந்த ரோட்டுக்கு இடதுபக்கம் நிற்கிறது. மார்கழியில் ஏறக்குறைய எதிரே நின்று, நேரம் ஆக ஆக வலதுபக்கம் நகர்ந்துவிடுகிறது. விஷயம் இவ்வளவுதான். ஆனாலும் வீட்டுக்குப் போனதும் சமையலறை மேடையில் ஒரு தீப்பெட்டியை பஸ்ஸாக நகர்த்தி ரவிக்கு விளக்கிக் காட்டினாள். அவன் இரண்டு தரம் பார்த்துவிட்டு, "அப்ப ராஜபாளையம் பஸ்ஸுக்கு?" என்றான்.

ராஜபாளையம் பஸ்ஸுக்குப் பார்த்தாள். மதுரைக்கும் சங்கரன்கோவிலுக்கும் செங்கோட்டைக்கும் பார்த்தாள். கேட்க ஆள் வேண்டுமே என்று ஒரு இலவச வலைப்பூ தொடங்கி, அதற்கு 'நிழல் பக்கம்' என்று பேர் வைத்தாள். ஒவ்வொரு வழித்தடத்துக்கும் ஒரு பக்கம். மாதம், நேரம், உட்கார வேண்டிய பக்கம், நடுவில் ரோடு எங்கே திரும்புகிறது, அங்கே எவ்வளவு நேரம் வெயிலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் எழுதினாள்.

இதை யார் படிப்பார்கள் என்று கடையில் சிரித்தார்கள். ஆனாலும் சிலர் படித்தார்கள். கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டவர் ஒருவர், கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்குப் போகிறவள் ஒருத்தி, அவளைப் போலவே லூபஸ் உள்ள கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி. அந்தப் பெண், "நீங்க எங்க ஊர் பஸ்ஸையும் போடுங்க அக்கா" என்று எழுதியிருந்தாள். உலகம்மை கோயம்புத்தூரைப் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த ஊர் பஸ்களில் எந்தப் பக்கம் நிழல் என்று இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

மருந்துக்கும் பஸ்ஸுக்கும் காசு போய்க்கொண்டிருந்த சமயம் அது. வலைப்பூவில் சம்பாதிக்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு விளம்பரம் போட அனுமதி வாங்கினாள். தினமும் காலையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று திறந்து பார்ப்பாள். சில நாள் ஒரு டீக்குத் தேறும். நூறு டாலர் சேர்ந்தால்தான் பணத்தை அனுப்புவார்கள். இந்த வேகத்தில் அது எப்போது சேரும் என்று ரவி கணக்குப் போட்டுப் பார்த்தான். விடையைச் சொல்லாமல் சிரித்தான்.

ஒருநாள் தன் பக்கத்தைத் தானே ஒரு வாசகர் மாதிரி செல்போனில் திறந்து பார்த்தாள். மேலே சிவப்பழகு க்ரீம் விளம்பரம். நடுவிலும் அதுவே, கீழேயும் அதுவே. முகத்தில் தடிப்பும் எரிச்சலுமாக நிழல் தேடி வருகிறவர்களிடம் போய் இதை விற்பதா என்று அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. அந்த வகை விளம்பரமே வேண்டாம் என்று நிறுத்தினாள். டீக்குத் தேறிய காசும் தேறாமல் போனது.

அடுத்து, பஸ் டிக்கெட் முன்பதிவு செய்யும் ஒரு தளத்தின் இணைப்பைப் போட்டாள். தன் பக்கத்திலிருந்து போய் யாராவது டிக்கெட் எடுத்தால் கமிஷன் கிடைக்கும். மூன்று மாதம் ஆகியும் ஒரு டிக்கெட் கூடப் போகவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆலங்குளம் பஸ்ஸுக்கு யார் முன்பதிவு செய்கிறார்கள்? கைக்குட்டையை ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடிப்பதுதானே வழக்கம். முன்பதிவு செய்கிறவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறவர்கள். அவர்கள் போவது ராத்திரி வண்டியில்.

"ராத்திரி பஸ்ஸுக்கும் ஒரு பக்கம் எழுதேன்" என்றான் ரவி. "நிலா எந்தப் பக்கம் வரும்னு."

அவள் குடைகளைப் பற்றிக்கூட எழுதிப் பார்த்தாள். எந்தத் துணி வெயிலைத் தடுக்கிறது என்று சொந்தக் காசில் ஐந்து குடை வாங்கிச் சோதித்தாள். வந்த கமிஷனில் அரைக் குடை கூட வாங்க முடியாது.

மறுபடி மார்கழி வந்த இந்தச் சமயத்தில்தான், தன் பக்கங்களில் எது அதிகம் படிக்கப்படுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு விஷயம் புதிராக இருந்தது. மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களுக்கு ஆள் வருவது நியாயம். தென்காசியிலிருந்து இலஞ்சி வழியாகச் செங்கோட்டை போகும் சாயங்கால பஸ்ஸைப் பற்றிய பக்கத்தை யாரோ திரும்பத் திரும்பத் திறந்திருக்கிறார்கள். ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடலாம். அதற்கு நிழல் பார்க்கிற ஆள் யார்?

ஒரு வாரம் கழித்து அதே பக்கத்தின் கீழே ஒரு கருத்து வந்தது. சேக் மைதீன் என்று பேர். "நீங்கள் ஆறு மணி வரை வெயில் இருக்கும் என்று போட்டிருக்கிறீர்கள். மார்கழியில் இலஞ்சியில் அஞ்சு மணி தாண்டினால் வெயில் கிடையாது. குற்றாலத்தில் அதற்கும் முன்னாலேயே போய்விடும். நேரில் பார்க்கவும்."

முதலில் கோபம்தான் வந்தது. கணக்கில் தப்பு இருக்க வழியில்லை. சூரியன் மறையும் நேரத்தை நாட்காட்டியிலும் சரிபார்த்திருந்தாள். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரவியின் வண்டியில் குடையும் கையுமாக இலஞ்சிக்குப் போய், வயல் ஓரமாக ஒரு மரத்தடியில் நின்றாள்.

அவள் கண்ணெதிரே சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. தென்மேற்கிலிருந்து மலையின் நிழல் வயல்மேல் நகர்ந்து வந்து, அவர்கள் வண்டியை மூடி, ரோட்டைத் தாண்டிக் கிழக்கே போனது. தென்காசிக் கோபுரத்தில் அப்போதும் மஞ்சள் வெயில் இருந்தது. வானத்தில் பொழுது இருந்தது, வெயில் மட்டும் இல்லை.

"பொறந்ததுலேருந்து இந்த மலையைப் பாக்கேன்" என்றாள். "கணக்குல அதைச் சேக்கவே இல்லையே."

அவள் பார்த்த தளங்கள் எல்லாம் பூமியைத் தட்டையாக வைத்துத்தான் நேரம் சொல்லியிருந்தன. மேற்கே நின்ற மலையை அவை அறியவில்லை.

அன்றே சேக் மைதீனுக்கு நன்றி சொல்லிப் பக்கத்தைத் திருத்தினாள். பிறகு மலையை அளக்கிற ஆசை பிடித்துக்கொண்டது. கையை நீட்டி, மூடிய முஷ்டியை அடிவானத்தில் வைத்தால் அது சுமார் பத்து டிகிரி என்று படித்தாள். செல்போனில் கோணம் காட்டும் செயலியும் இருந்தது. வெயில் இல்லாத நாளாகப் பார்த்துப் போவாள். மலை எங்கும் போய்விடாது, அளப்பதற்கு வெயில் தேவையில்லை. மேலகரம், வல்லம், புதூர், அச்சன்புதூர் என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று மலை முகட்டை டிகிரி டிகிரியாக அளந்தாள். செங்கோட்டைக் கணவாய்ப் பக்கம் மலை தாழ்வு. ஆனியில் சூரியன் அந்தப் பக்கம் போய்விடுவதால் சாயங்கால வெயில் நெடுநேரம் வரவேண்டும். ஆனால் ஆனியில்தான் சாரல் மேகம் வந்து மூடிக்கொள்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று அவள் கடையில் ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளை பேரையும் மாமனார் பேரையும் மாற்றி அடித்துவிட்டாள்.

சேக் மைதீன் ஒருநாள் போனில் கூப்பிட்டார். கடையநல்லூர்க்காரர். பல வருஷம் சவூதியில், தம்மாமில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்து, இப்போது வீடுகளுக்கு சோலார் பேனல் மாட்டிக்கொடுக்கிறார்.

"மேடம், அந்த இலஞ்சிப் பக்கத்தை நான்தான் அடிக்கடி பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். "பஸ்ஸுக்காக இல்ல. மாடிக்கு."

"மாடிக்கா?"

"ஆமா. பேனல்ல ஒரு ஓரமா நெழல் விழுந்தாலும் அந்த வரிசையே மந்தமாயிரும். இவ்வளவு கரண்டு வரும்னு நான் சொல்லிட்டு வாரேன். வீட்டுக்காரங்க ஆறு மாசம் கழிச்சு வரலயேங்காங்க. குற்றாலம் பக்கம் மாட்டுனது எல்லாம் எனக்குத் தலைவலி. ஒரு வீட்டுக்கு, இந்த மாசம் இத்தனை மணிக்கு நெழல் வரும்னு உங்களால சொல்ல முடியுமா?"

உலகம்மை உடனே சரி என்று சொல்லவில்லை. "வீட்டைப் பாத்தாத்தான் தெரியும் பாய்" என்றாள்.

பழைய குற்றாலம் போகும் ரோட்டில் ஆறுமுகநயினார் என்று ஓய்வுபெற்ற தபால் அதிகாரியின் வீடு. மாடியில் மேற்கு ஓரம் காலியாக இருந்ததால் அங்கேயே பேனலை வைக்கச் சொல்லியிருந்தார். உலகம்மை மலையை அளந்தாள், பக்கத்துத் தோப்புத் தென்னைகளை அளந்தாள், தண்ணீர்த் தொட்டியையும் விடவில்லை. மாதவாரியாகப் படம் போட்டுக் காட்டினாள். மேற்கு ஓரத்தில் ஐப்பசி முதல் மாசி வரை மத்தியானம் தாண்டியதும் தென்னை நிழல், அது விலகுவதற்குள் மலை நிழல். கிழக்குப் பாதியில் வைத்தால் சாயங்கால வெயில் மட்டும்தான் போகும்.

"இன்னொரு கம்பெனிக்காரன் கரண்டு இதைவிடக் கூட வரும்னு சொன்னானே" என்றார் ஆறுமுகநயினார்.

"அவங்க மலையைப் பாத்தாங்களான்னு தெரியலயே அண்ணாச்சி" என்றாள் உலகம்மை.

அவர் யோசிக்க வேண்டும் என்று அனுப்பிவிட்டார். வியாபாரம் போய்விட்டது என்றே சேக் மைதீன் நினைத்தார். மழைக்காலம் முடிந்த பிறகு ஆறுமுகநயினாரே கூப்பிட்டு, கிழக்குப் பாதியில் சிறிய அளவில் போடச் சொன்னார். தினமும் சாயங்காலம் மாடியில் நின்று நிழலைப் பார்த்தாராம். படத்தில் இருந்தபடியே வந்ததாம்.

எவ்வளவு தரவேண்டும் என்று சேக் மைதீன் கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகை அமைப்பதற்கு வாங்கும் தொகையைச் சொன்னாள். வாழ்க்கையில் அவள் விலை சொல்லிப் பழகிய ஒரே பொருள் அதுதான்.

"பெட்ரோலுக்கே அதைவிடச் செலவழிச்சிருப்பிய தங்கச்சி" என்று அவர் மும்மடங்கு அனுப்பினார்.

அதற்குப் பிறகு ஒரு சோதனை வந்தது. மலையையும் கணக்கில் எடுத்து வெயிலைச் சொல்லும் இலவசத் தளம் ஒன்று வெளிநாட்டில் இருப்பதை அவள் தற்செயலாகப் பார்த்துவிட்டாள். மாதக்கணக்காக முஷ்டியை நீட்டி அளந்தது எல்லாம் அதில் ஒரு சொடுக்கில் வந்தது. மறுநாள் சேக் மைதீனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். "இனிமே நீங்களே பாத்துக்கிடலாம் பாய். எனக்குக் காசு தரவேண்டாம்."

"அது எனக்கு ஏற்கெனவே தெரியும்" என்றார் அவர். "மலையைச் சரியாச் சொல்லுது. தென்னைமரத்தைச் சொல்லுதா? பக்கத்து வீட்டுத் தொட்டியைச் சொல்லுதா? அந்தப் படத்தை ஒரு வயசான ஆளுக்குப் புரியுத மாதிரி தமிழ்ல எழுதிக் குடுக்குதா?"

அவள் அந்தத் தளத்தையும் ஒரு கருவியாக வைத்துக்கொண்டாள். தன் முஷ்டி அளவும் அதுவும் பெரும்பாலும் ஒத்துப்போவதைப் பார்த்ததில் உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்தது.

வேலை கூடியது. மாடி ஏறுவதும் கூடியது. பங்குனியில் ஒரே வாரத்தில் நான்கு மாடிகள். குடை இருந்தது, முழுக்கைச் சட்டை இருந்தது, ஆனால் தரை ஓட்டிலிருந்து எதிரொளிக்கும் வெயிலை அவள் நினைக்கவில்லை. கன்னம் மறுபடி சிவந்தது. காய்ச்சல் வந்து, மூட்டெல்லாம் பூட்டிக்கொண்டு, தலை சீவ ரவி உதவவேண்டியிருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார்.

"ஏ உலகு, போதும்" என்றான் ரவி. "வெயில்லேருந்து தப்பிக்க ஆரம்பிச்ச வேலை, வெயில்லயே கொண்டுபோய் விட்டுட்டு."

அவள் படுத்துக்கொண்டே கேட்டாள். "மாடிக்கு நான்தான் போகணுமா?"

"பின்ன?"

"மாடி என் கண்ணுக்கு வந்தாப் போதாதா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரவி ஒரு மாடிக்குப் போனான். செல்போனை மார்பளவில் பிடித்து, வடக்கில் தொடங்கி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வீடியோ எடுத்தான். டிப்போவில் தடி அளந்து பழகிய கை, நடுக்கம் இல்லை. உலகம்மை கட்டிலில் சாய்ந்தபடி அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கணக்குப் போட்டாள். சரியாக வந்தது. ரவிக்கு வந்தால் யாருக்கும் வரும் என்று, எப்படி எடுப்பது என்று வலைப்பூவில் ஒரு பக்கம் எழுதினாள். ஒவ்வொரு பஸ் பக்கத்தின் கீழேயும் ஒரு வரி சேர்த்தாள்: 'உங்கள் மாடிக்கு எப்போது நிழல் வரும் என்று அறிய வீடியோ அனுப்புங்கள். கட்டணம் உண்டு.'

அந்த ஒரு வரிதான் வலைப்பூவுக்குச் சோறு போட்டது. மலையடிவார ஊர்களிலிருந்து வந்தார்கள். தேனி, போடி, நாகர்கோவில் பக்கம். வீடு கட்டுமுன் எந்த அறைக்குச் சாயங்கால வெயில் அடிக்கும் என்று கேட்டவர்கள் உண்டு. காளான் வளர்க்கக் கொட்டகை போடுகிறவர் உண்டு. பஸ் பக்கத்தைப் படித்துவிட்டு மாடிக்கு வந்தவர்கள்தான் பாதிப்பேர். பெரிய வருமானம் என்று சொல்லமுடியாது. ஜெராக்ஸ் கடைக்கு வாரத்தில் மூன்று நாள் போனால் போதும் என்கிற அளவுக்கு வந்தது. விளம்பரக் காசு நூறு டாலர் ஒருவழியாகச் சேர்ந்து கைக்கு வந்ததும், விளம்பரத்தை மொத்தமாக எடுத்துவிட்டாள்.

போன மாதம் ராயகிரியிலிருந்து பாலம்மாள் என்று ஒரு பெண் கூப்பிட்டார். கூழ்வத்தலும் மோர்மிளகாயும் போட்டு விற்கிறவர். தெற்கு வீட்டுக்காரர் மேலே ஒரு மாடி எழுப்புகிறார், தன் மாடி இருண்டுபோகும், சண்டைக்குப் போகுமுன் எவ்வளவு வெயில் குறையும் என்று தெரியவேண்டும் என்றார். அவர் மகள் அபர்ணா வீடியோ எடுத்து அனுப்பினாள். இரண்டு நாளில் உலகம்மை பதில் சொன்னாள்.

"மார்கழியில உங்க மாடியில கால்வாசிக்கு நெழல் விழும்க்கா. மாசி பாதியிலேருந்து கொறஞ்சுரும். சித்திரையில ஒண்ணுமே இருக்காது."

"மார்கழிப் பனியில யாரு வத்தல் போடுதா?" என்றார் பாலம்மாள். "இதுக்கா நான் அவன்கூட ரெண்டு வாரமாப் பேசாம கெடக்கேன்?"

கட்டணத்தை அனுப்பிவிட்டுப் போனை வைக்கப் போனார். உலகம்மை விடவில்லை.

"அக்கா, ஒரு சந்தேகம். ஆடியில வெயில் மங்கலாத்தான இருக்கும், காத்து மட்டும் அடிக்கும். அப்ப வத்தல் காயுமா?"

"நல்லாக் காயும். சில நாள் சித்திரையை விடச் சீக்கிரம் காயும்."

"அப்ப வெயில்ல காயுதா, காத்துல காயுதா?"

"நில்லு, அபர்ணாகிட்டயும் கேக்கேன்" என்றார் பாலம்மாள். உலகம்மை காதில் போனை வைத்தபடி காத்திருந்தாள்.